ஐந்து அங்குல நிலைப்படி ஒன்றரை அங்குலம் ஆன கதை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு. தெருவில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் நடை, அது முடியும் இடத்தில் நிலையும் ரெட்டைக் கதவும். கதவைத் தாண்டினால் ரேழி, அப்புறம் முற்றம், கூடம், சமையல்கட்டு, கடைசியில் கொல்லைக் கதவு. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சேர்த்துத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவருக்குக் கொல்லை முருங்கை தெரியும். சித்திரை மாதத்தில்கூடக் கூடத்தில் காற்று ஓடும். ஆனால் கடந்த சில வருடங்களாக அந்த ரெட்டைக் கதவில் இடது கதவு மேல்தாழ் போட்டபடியே இருந்தது, வலது கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. திண்ணைக்கு முன்னால் பூட்டிய இரும்பு கிரில் வேறு.

2023 மார்கழியில் அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தது. வாக்கரோடு வீட்டுக்கு வந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கித்தான் நிலைப்படியைத் தாண்டினோம். ஐம்பது வருடமாக அந்தப் படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவர், உள்ளே வந்ததும் திரும்பிப் பார்த்து, "இனிமே என்னை வெளியில கொண்டுவரணும்னாலும் நாலு பேர்தான் வரணும்" என்று சொன்னார். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாசியில் இருபது நாள் விடுப்பு போட்டு ஊருக்கு வந்தேன். இந்தப் பதிவு அந்த இருபது நாளும், அதற்குப் பிறகு விட்டுவிட்டுச் செய்த சில வேலைகளும்.

முதல் இரண்டு நாள் எதையும் கழற்றவில்லை, அளந்தோம். ஊர்த் தச்சர் ஒருவர், அறுபது வயதுக்கு மேல், சின்ன வயதில் அவர் அப்பாவோடு இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். அவரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இருந்தன, என்னிடம் நோட்டு. வெளி நடையிலிருந்து நிலைப்படி மேல்விளிம்பு வரை 5 அங்குலம். உள்ளே ரேழித் தரையிலிருந்து 3½ அங்குலம். அதாவது ரேழித் தரை வெளி நடையைவிட 1½ அங்குலம் உயரம். இந்த ஒன்றரை அங்குலம் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. வாசல் அகலம் இரண்டு நிலைக்காலுக்கு நடுவே 42 அங்குலம், ஒவ்வொரு கதவும் 21. வாக்கருக்கு ஒரு கதவு போதாது, இரண்டும் திறந்தாக வேண்டும். இதை அளந்தபிறகுதான் பிரச்சினை படி மட்டும் இல்லை என்று புரிந்தது. அத்தை வெளியே வர வேண்டுமென்றால் இந்த வாசல் முழுசாகத் திறந்து மூடும் வாசலாக மறுபடி மாற வேண்டும்.

எளிய வழி என்று எல்லோரும் சொன்னது, படிக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் சாய்வு போட்டுவிடு என்பது. கணக்குப் போட்டேன். சக்கர நாற்காலிக்கும் வாக்கருக்கும் 12க்கு 1 சரிவு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு, ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். 5 அங்குலத்துக்கு வெளியே 60 அங்குலம். எங்கள் நடையின் நீளமே 54 அங்குலம்தான், சாய்வு தெருவுக்குப் போய்விழும். செங்குத்தாகப் போட்டால் கைப்பிடியோடு ஏறினாலும் இறங்கும்போது வாக்கர் ஓடும். அதனால் அதை விட்டோம். படியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாமா என்று தச்சரிடம் கேட்டேன். ஒரே வார்த்தையில் முடியாது என்றார். காரணமும் சொன்னார். கீழ்ப்படி இரண்டு நிலைக்காலையும் கழுந்தும் துளையுமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதை எடுத்தால் நாளடைவில் கால்கள் விரியும், கதவு தன் சுழல்முனையான குடுமியில் நிற்காது.

அவர் பேசிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை வலது நிலைக்காலின் அடியில் குத்தினார். பிடி வரை உள்ளே போனது.

இங்கேதான் வேலையின் போக்கு மாறியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊரில் ஓடு பறக்காத வீடு குறைவு. எங்கள் திண்ணைக் கூரை மேல் தென்னை விழுந்து நிலை சற்றே அசைந்தது. அப்போது அவசரத்தில் வந்த கொத்தனார் நிலைக்காலின் அடியைச் சுற்றி சிமெண்ட் கலவையை அள்ளி வைத்து அடைத்துவிட்டுப் போனார். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் இது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், அதற்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக மெல்ல வெளியே போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தது. போதாக்குறைக்கு மரத்தின் வெட்டுமுனை, அதாவது நாரின் வாய், உறிஞ்சுகுழாய்க் கட்டு போலத் தண்ணீரை மேலே இழுக்கும். ஐந்து மழைக்காலம் அந்த முனை சிமெண்ட் கிண்ணத்துக்குள் ஊறியபடி நின்றிருக்கிறது. வலது காலில் 9 அங்குலம், இடது காலில் 6 அங்குலம் உளுத்துப்போயிருந்தது. கீழ்ப்படியின் அடிப்பக்கம் கரையான் மண். மேலே மஞ்சள் மினுங்க, உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு விதத்தில் அது எங்களுக்கு அனுமதி. நல்ல படியாக இருந்திருந்தால் அத்தையும் விட்டிருக்க மாட்டார், எனக்கும் கை வந்திருக்காது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று ஆனபிறகு, மரத்துக்குப் பதில் கருங்கல் படி, உயரம் ஐந்துக்குப் பதில் ஒன்றரை என்று முடிவானது. வெளி நடையிலிருந்து 1½ அங்குலம் ஏறினால் கல், கல்லின் மேல்மட்டம் ரேழித் தரையோடு சமம். உள்ளே இறங்கவே வேண்டாம். வெளியே 1½ அங்குலத்துக்கு 18 அங்குலச் சாய்வு போதும்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "படி இல்லாத வீடு வீடாடா? யார் வர்றா, யார் போறான்னு வீட்டுக்கே தெரியாது." நான் அதைத் தட்டிப் பேசவில்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. நிலைப்படி என்றால் சும்மா ஒரு தடுப்பு மட்டும் இல்லையே. அதில் உட்காராதே, அதன் மேல் நின்றுகொண்டு எதையும் கொடுக்காதே வாங்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இரணியனை நரசிம்மர் வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் வைத்து முடித்த கதையைச் சொன்னதும் இதே அத்தைதான். காலைத் தூக்கி வைக்கும் அந்த ஒரு கணத்தில் வருகிறவருக்கும் தெரிகிறது, வீட்டில் இருக்கிறவருக்கும் தெரிகிறது. அந்தக் கணத்தை எடுத்துவிட்டு வெறும் வழுவழுத் தரையாகப் போட எனக்கும் மனமில்லை. அதனால் கல்லைத் தரையோடு கரைத்துவிடாமல், சிவப்பு ஆக்சைடு தரைக்கு நடுவில் எட்டு அங்குல அகலத்தில் கறுப்பாகத் தனியே தெரியும்படி வைப்போம், மஞ்சளும் குங்குமமும் வைக்க அதன் மேல்முகம் இருக்கும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கல்லுன்னா மஞ்சத்தண்ணி பட்டு உளுக்காது" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கதவைக் கழற்றினோம். இது கீல் வைத்த கதவு இல்லை, குடுமிக் கதவு. கதவின் ஓரச் சட்டமே மேலும் கீழும் உருளையாக நீண்டு, மேலே நிலையில் உள்ள துளைக்குள்ளும் கீழே படியில் உள்ள குழிக்குள்ளும் உட்கார்ந்து சுழலும். கழற்றத் தெரியாதவர்கள் நிலையையே உடைத்துவிடுவார்கள் என்று தச்சர் சொன்னார். சூட்சுமம் ஒன்றுதான். மேல்துளை ஆழமாக இருக்கும், கீழ்க்குழி ஆழம் குறைவு. கதவை நேராக மேலே தூக்கினால் மேல்குடுமி துளைக்குள் ஏறும், கீழ்க்குடுமி குழியை விட்டு வெளியே வரும், அப்போது அடியைத் தன்பக்கம் இழுத்து இறக்க வேண்டும். ஒவ்வொரு கதவும் முப்பது கிலோவுக்கு மேல். கடப்பாரையை ஒரு செங்கல் மேல் வைத்து நெம்பி, இரண்டு பேர் பிடித்து, ஒருவர் இறக்கினோம். விரலைக் கதவுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

கதவில் குறைந்தது ஐந்து அடுக்கு பெயிண்ட். பச்சை, அதன் கீழ் பிரவுன், அதன் கீழ் இன்னொரு பச்சை. இதைச் செய்யப்போகிறவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் எதுவாக இருந்தாலும் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயிண்டை மெஷினில் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும், குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். நெருப்பு காட்டி உரிப்பதும் கூடாது, ஈயம் புகையாகும். நாங்கள் கொல்லையில் தார்ப்பாய் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, சுரண்டியால் ஈரமாகவே எடுத்தோம். மிச்சத்தை நனைத்த உப்புத்தாளால் தேய்த்தோம். சுரண்டியதையெல்லாம் பையில் கட்டினோம். நான்கு நாள் ஆனது. பொறுமை வேண்டும், ஆனால் கடைசி அடுக்குக்குக் கீழே தேக்கின் நிறம் வந்தபோது தச்சர் வேலையை நிறுத்திவிட்டுக் கையால் தடவிப் பார்த்தார்.

நிலைக்கால்களை அறுப்பதற்கு முன் மேலே இருக்கும் சுவரின் பாரத்தைத் தாங்க வேண்டும். நிலையின் மேல்சட்டத்துக்கு அடியில் இரண்டு சவுக்குக் கம்புகளை முட்டாகக் கொடுத்து, கீழே ஆப்பு வைத்து இறுக்கினோம். அப்புறம் பழைய படியை வெட்டி எடுத்தோம். அதன் அடியில் சுண்ணாம்புக் கலவைக்குள் கறுத்துப்போன ஒரு காசு. நிலை வைக்கும்போது அடியில் காசும் தானியமும் போடுவது வழக்கம்தானே, தானியமெல்லாம் கரையானோ எறும்போ எப்போதோ கொண்டுபோயிருக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தால் ஆறாம் ஜார்ஜ் தலை, கால் அணா, 1939. நூற்று ஐம்பது வருட வீடு என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். வீடு எப்படியோ, இந்தப் படி 1939க்கு முன்னால் வைத்ததாக இருக்க முடியாது. அப்படியென்றால் அதற்கு முன்னும் யாரோ ஒருவர் இதே மாதிரி உளுத்த படியை மாற்றியிருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த வாசலில் முதல் முறையாகக் கைவைப்பவன் நான்தான் என்ற பயம் அதுவரை உள்ளே இருந்தது.

உளுத்த பகுதியை அறுத்துவிட்டு நல்ல மரம் வரும்வரை மேலே போனோம். புதுத் துண்டுக்குப் பழைய தேக்குதான் வாங்கினோம், இடித்த வீட்டின் உத்தரம், பழைய மரச் சாமான் கடையில் கிடைத்தது. புது மரம் காயக் காயச் சுருங்கும், பழைய மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. ஒட்டு நேர்வெட்டாக இருக்கக்கூடாது. நிலைக்கால் 4 அங்குலக் கனம், சாய்வெட்டின் நீளம் 12 அங்குலம், கனத்துக்கு மூன்று மடங்கு. சாய்வு தெருப்பக்கம் கீழே இறங்கும்படி வெட்டினோம், எதிர்மாறாக வெட்டினால் சாரல் தண்ணீர் ஒட்டுக்குள் போகும். எபாக்ஸிப் பசை தடவி, குறுக்கே மரமுளை அடித்து, ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் விட்டோம். கீழ்முனைக்குத் தனியாக மூன்று முறை எபாக்ஸி, நாரின் வாயை அடைக்க. கரையானுக்கு போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலைத் தூரிகையால் உள்பக்கம் ஊற ஊறக் கொடுத்தோம். இது மழை படும் இடத்தில் நிற்காது, கரைந்து போய்விடும், அதனால் வெளிமுகத்துக்குப் பின்னால் எண்ணெய் ஏற்ற வேண்டியிருந்தது.

கல் வந்த நாள் தெருவே கூடியது. 54 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 4 அங்குலக் கனம், எழுபது கிலோவுக்கு மேல். பாலிஷ் வேண்டாம், கொத்தியபடி இருக்கட்டும் என்று கல்தச்சரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், ஈரக்கால் வழுக்கும். இரண்டு ஓரத்திலும் நிலைக்கால் உட்காரும் இடத்தை மட்டும் அரை அங்குலம் மேடாக விட்டு மற்றதைக் கொத்தி இறக்கியிருந்தார். அந்த மேடுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த விஷயம். தண்ணீர் எவ்வளவு வந்தாலும் கல்லில் வழிந்து ஓடும், மரத்தின் பாதம் நனையாது. மேட்டின் நடுவில் துளை போட்டு 12 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி ஒன்று, பாதி கல்லுக்குள், பாதி நிலைக்காலுக்குள். தச்சர் பயந்த மாதிரி கால்கள் விரியாமல் இதுதான் பிடிக்கிறது.

கல்லைப் பதிக்கச் சிமெண்ட் வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கலக்கக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். கடுக்காயைத் தட்டிப் போட்டு நாலு நாள் ஊறவைத்தோம், அந்த மணம் வீடு முழுக்க இருந்தது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பதித்தபிறகு ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். சிமெண்ட் மாதிரி மறுநாளே ஏறி நடக்க முடியாது. அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் வந்துபோக எல்லோரும் கொல்லை வழிதான். கல்லுக்கு அடியில் அந்தக் கால் அணாவையும், அத்தை கொடுத்த ஒரு ரூபாய்க் காசையும், ஒரு பிடி நவதானியத்தையும் போட்டோம். நேரம் பார்த்து, மாவிலை கட்டி, அத்தை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி கதவு. படி மூன்றரை அங்குலம் இறங்கிவிட்டதால் கதவுக்குக் கீழே மூன்றரை அங்குல இடைவெளி. இதை முன்பே யோசித்திருந்தோம், கதவின் கீழ்ச்சட்டமும் பாதி போயிருந்ததால் அதை எடுத்துவிட்டுக் கூடுதல் உயரத்தில் புதுச்சட்டம், அதன் ஓரத்தில் பித்தளைக் குடுமி. கல்லில் குழி தோண்டிப் பித்தளைக் கிண்ணம். இங்கே என் தவறால் இரண்டு நாள் வீணானது. கீழ்க்குழியின் இடத்தைப் பழைய கீழ்க்குடுமியை வைத்து அளந்து கல்தச்சரிடம் கொடுத்துவிட்டேன். எண்பது வருடம் சுழன்று ஒருபக்கமாகத் தேய்ந்த குடுமி அது. கதவை ஏற்றியதும் இரண்டு கதவும் நடுவில் 6 மில்லிமீட்டர் மோதிக்கொண்டு நின்றன. என் கை உடனே இழைப்புளிக்குப் போனது, ஓரத்தைச் சீவிவிடலாம் என்று. தச்சர் தடுத்தார். "கதவு தப்பு பண்ணல தம்பி, குழிதான் தப்பு." மேல்துளையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, அது காட்டும் இடத்தில்தான் கீழ்க்குழி இருக்க வேண்டும். குழியைப் பெரிதாக்கி, கிண்ணத்தை நகர்த்தி, எபாக்ஸி மக்கில் மறுபடி பதித்தோம்.

அப்படி நகர்த்தும்போது அவர் ஒரு காரியம் செய்தார். குண்டு காட்டிய இடத்தில் வைக்காமல், அதிலிருந்து 4 மில்லிமீட்டர் தெருப்பக்கமாக வைத்தார். ஏன் என்று கேட்டேன். சுழலும் அச்சின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கத்தான் கதவு பார்க்கும், பாரம் தாழ்ந்த இடம் தேடும். அடி தெருப்பக்கம் நகர்ந்தால் தலை வீட்டுப்பக்கம் சாய்கிறது. அதனால் இந்தக் கதவு திறந்தால் திறந்தபடி உள்பக்கம் நிற்கும், தானாக வந்து சாத்திக்கொள்ளாது. "வர்றவங்க மூஞ்சில கதவு வந்து மோதக்கூடாது இல்லையா" என்றார். கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், நாலு மில்லிமீட்டரில் தீரும் விஷயம் என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். வரவேற்பு என்றால் என்ன என்று கட்டடக்கலைப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், இந்த மனிதர் அதைக் குழியின் இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார்.

கதவைச் சீவுவது பற்றி ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் கதவு இறுகுகிறது என்று அப்போதே இழைத்துவிடாதீர்கள். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. மழையில் சீவிய கதவு கோடையில் விரல் நுழையும் சந்து காட்டும். நாங்கள் பங்குனி வெயிலில் 3 மில்லிமீட்டர் சந்து விட்டோம். இடது கதவின் மேல்தாழ் ஆறடி உயரத்தில் இருந்தது, அதைக் கழற்றி இடுப்பு உயரத்தில் குறுக்குக் கொண்டியாக மாற்றினோம், அத்தையே போட்டு எடுக்கலாம்.

எண்ணெய்க்கு ஆளிவிதை எண்ணெய், முதல் பூச்சுக்கு டர்பன்டைன் சரிபாதி கலந்து, அப்புறம் இரண்டு பூச்சு தனி எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட வேண்டும். நெடுநல்வாடையில் அரண்மனை நிலைக்கு நெய் பூசி வெண்சிறுகடுகு அப்பியிருந்ததாக வரும். நிலையைத் தொட்டு எண்ணெய் பூசும் வழக்கம் எவ்வளவு பழையது என்று அந்த மூன்று பூச்சும் பூசும்போது நினைத்துக்கொண்டேன்.

வெளிச் சாய்வைப் பற்றி நான் பிடிவாதமாக இருந்தேன். படிக்கு நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு சாய்பலகை வைத்தால் போதும்தான். ஆனால் அப்படி வைத்தால் வருகிற ஒவ்வொருவருக்கும், இது நோயாளி இருக்கும் வீடு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தைக்கும் தினமும் சொல்லும். அதனால் நடையின் முழு அகலத்துக்கும் கடைசி 18 அங்குலத் தரையே மெல்ல ஏறும்படி போட்டோம். எல்லோரும் அதே வழியில்தான் ஏறுகிறார்கள், யாருக்கும் சாய்வு என்றே தெரிவதில்லை. அதே சரிவு சாரல் தண்ணீரையும் தெருப்பக்கம் தள்ளிவிடும். சிவப்பு ஆக்சைடு தேய்த்துக் காய்வதற்குள் கயிற்றை அழுத்திக் கோடுகள் இழுத்தோம், பிடிப்புக்கு. தெருவிலிருந்து நடைக்கு இன்னும் ஆறு அங்குலப் படி ஒன்று இருக்கிறது. என் சின்ன வயதில் அங்கே மூன்று படி, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அந்த இடத்துக்கு ஆறடிப் பலகை ஒன்றைப் போட்டுக்கொள்கிறோம்.

கடைசியாகக் கிரில். இதில் வீட்டில் சண்டையே வந்தது. திருட்டுப் பயத்தில் வைத்தது, பயம் பொய்யில்லை. ஆனால் கிரில் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் தெருவில் நின்று கூப்பிட்டார்கள், திண்ணை இருந்தும் உட்கார இடமில்லை. பழைய வீட்டில் உள்ளே வருவது ஒரே எட்டில் நடப்பதில்லை. முன்பின் தெரியாதவர் திண்ணை வரை, தெரிந்தவர் ரேழி வரை, உறவு கூடம் வரை, ஒவ்வொரு இடத்திலும் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், அப்படியே எழுந்தும் போகலாம். ரேழி என்ற சொல்லே இடைகழி என்பதன் தேய்வு. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் சந்தித்தது ஒரு வீட்டின் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் கொடுத்துக்கொண்டே போனார்கள். கிரில் அந்த வரிசையின் முதல் இடத்தையே பூட்டிவிட்டது. பிரச்சினைக்குத் தீர்வு எளிதாகவே கிடைத்தது. அதே கிரிலைக் கழற்றி, வெட்டி, ரேழி முடிந்து முற்றம் தொடங்கும் இடத்தில் மாட்டினோம். இப்போது பகலில் மரக்கதவு இரண்டும் திறந்தே இருக்கின்றன, காற்று போகிறது, முருங்கை தெரிகிறது, பூட்டு உள்ளே இருக்கிறது. திண்ணை மறுபடி தெருவுக்குக் கிடைத்தது. முதல் வாரமே மதிய வெயிலுக்குக் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துப் படுத்திருந்தார்.

கார்த்திகை மழையில் சோதனை வந்தது. மூன்று நாள் விடாத மழை, கிழக்கிலிருந்து சாரல். தண்ணீர் கல்லைத் தாண்டி ரேழிக்குள் ஒரு சாண் தூரம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஐந்து அங்குலப் படி இருந்திருந்தால் வந்திருக்காது. கதவுக்கு அடியில் நாரில் செய்த பிரஷ் பட்டை ஒன்றை வைத்து, கல்லின் வெளிவிளிம்பில் தண்ணீர் வடிய ஒரு காடி வெட்டியபிறகு குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. பெருமழை நாளில் ஒரு சாக்கு போடுகிறோம். பாம்பு பூச்சிக்கும் அந்தப் பட்டை உதவுகிறது. நிலைக்காலின் பாதத்தை மழை முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. வலது கால் ஒட்டில் மட்டும் மயிரிழை விரிசல், மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருக்கிறேன், அடுத்த கோடையில் பார்க்க வேண்டும்.

குறுந்தொகையில் ஒரு மாலைநேரம் வரும். பலர் புகுந்த வாயிலைச் சாத்தப் போகும் முன், உள்ளே வர வேண்டியவர்கள் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று காவலர் கேட்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கதவைச் சாத்துவதற்குக்கூட இப்படி ஒரு முறை இருந்திருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானாகவே ரேழியைக் கடந்து, கல்லில் ஒரு நொடி நின்று, குனிய முடியாததால் வாக்கரின் கைப்பிடியை விட்டு விரலை நிலைக்காலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாய்வில் இறங்கித் திண்ணையில் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்தார், எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகி, கொசு வருகிறதே என்று அத்தையை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டு இரண்டு கதவையும் சாத்தப் போனேன்.

"இருடா, பால்காரரு இன்னும் வரல" என்றார்.